கேள்வி மட்டும் கேட்கலாம்

போன வாரம் ரெம்யா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு பல்கலைக்கழக ஆராய்ச்சிப் பிரிவில் என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் அவள்தான். நல்ல பெண். ஆனால் எதைக் கேட்டாலும் தலை போகிற காரியம் போலத்தான் கேட்பாள். முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுகள் பலவும் இப்போது கணினித் திரையிலேயே நடக்கின்றன. விதிப்படி அது பொதுத் தேர்வு. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், கடைசியில் கேள்வியும் கேட்கலாம். அந்த இணைப்பை எல்லோருக்கும் கொடுப்பதா, துறையில் இருப்பவர்களுக்கு மட்டும் கொடுப்பதா என்று ஆபீசில் பேச்சு கிளம்பியிருக்கிறதாம்.

"சேச்சி, வெளி ஆளுங்க வந்து என்ன கேக்கப் போறாங்க? வெறுதே தலவேதனதானே?" என்றாள் தன் மலையாளத் தமிழில். வீண் தலைவலியாம்.

சாயங்காலம் கூப்பிடு, ஒரு கதை இருக்கிறது என்றேன். அவள் கூப்பிடவில்லை. எனக்கோ சொல்ல வந்ததைச் சொல்லாவிட்டால் சோறு இறங்காது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் மலையாள தேசத்து எல்லையோரக் கொல்லங்கோட்டுக்காரி. வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம், ஆபீசில் இங்கிலீஷ். மூன்றிலும் சண்டை போடத் தெரியும் என்பதுதான் என் தகுதி என்று என் வீட்டுக்காரர் சொல்வார். டைப்பிஸ்டாகச் சேர்ந்து, தேர்வுப் பிரிவில் மார்க் லிஸ்டுகளோடு மல்லுக்கட்டி, கடைசியில் ஆராய்ச்சிப் பிரிவுக்குப் போய்ச் சேர்ந்தேன். அதற்கு முந்தைய வருடங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. வேலை கற்றுக்கொண்டேன், அவ்வளவுதான்.

ஆய்வேடு சமர்ப்பிப்பது என்பதை வெளியில் இருப்பவர்கள் ஏதோ புத்தகத்தை எழுதிக் கொண்டுவந்து மேசையில் வைக்கிற வேலை என்று நினைக்கிறார்கள். எழுதுவது பாதி வேலைதான். மீதிப் பாதி எங்கள் பிரிவின் வாசலில்தான் நடக்கும். சமர்ப்பிப்பதற்கு முன்னால் துறையில் கருத்தரங்கு வைத்துப் பேசியிருக்க வேண்டும். கட்டுரைகள் அச்சில் வந்திருக்க வேண்டும். யாரிடமிருந்தும் எடுத்தெழுதவில்லை என்று நூலகம் சோதித்துச் சான்று தர வேண்டும். நெறியாளர் ஒவ்வொரு பிரதியிலும் கையெழுத்துப் போட்டு முத்திரை வைக்க வேண்டும். முத்திரை எப்போதும் துறைத்தலைவரின் அலமாரியில் இருக்கும், அலமாரிச் சாவி எப்போதும் லீவில் இருக்கும். இடப்பக்கம் விடுகிற ஓரம் ஒரு அளவு, வலப்பக்கம் ஒரு அளவு. தேர்வுக்கு முன் சாதா அட்டை, தேர்வு முடிந்து திருத்தம் செய்த பிறகுதான் கெட்டி அட்டையும் தங்க எழுத்தும்.

இந்தக் கடைசி விதியில்தான் நிறையப் பேர் விழுவார்கள். ஆசை யாரை விட்டது? வாளையார்ப் பக்கத்திலிருந்து ஒருவர் முதல் நாளே தங்க எழுத்தில் 'முனைவர்' என்று தன் பெயருக்கு முன்னால் அச்சடித்துக் கொண்டுவந்தார். மாமியார் வீட்டில் காட்டிவிட்டு நேராக வந்திருக்கிறார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எங்கள் டெபுட்டி ரெஜிஸ்ட்ரார் பாலகோபாலன் சார் மட்டும் சிரிக்கவில்லை. அந்த அட்டையைத் தடவிப் பார்த்து, "நல்ல பைண்டிங். இத வீட்ல பத்திரமா வைங்க. நமக்கு சாதா அட்ட போதும்" என்றார். வந்தவர் முகம் சிவக்காமல் திரும்பிப் போனார்.

பாலகோபாலன் சாரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஒற்றைப்பாலம் பக்கத்துக்காரர். மெலிந்த உடம்பு, வெள்ளை அரைக்கைச் சட்டை, மேசையில் ஒரு மர ஸ்கேல். ஒருவர் ஆய்வேட்டோடு வந்தால் முதலில் உட்காரச் சொல்வார். பிறகு கடைசிப் பக்கம் வரை புரட்டி, இருக்கிற குறை அத்தனையையும் ஒரே தாளில் எழுதிக் கொடுப்பார். இன்றைக்கு ஒரு குறை, நாளைக்கு ஒரு குறை என்று சொல்லி யாரையாவது அலைய விட்டோமென்றால் எங்கள் பாடு அதோகதிதான். குரலை உயர்த்த மாட்டார். மர ஸ்கேலை எடுத்து மேசைமேல் நேராக வைப்பார். அது போதும்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. வரிசையில் நிற்பவர்களைப் பார்த்து ஊரைக் கேட்பார். மூணாறு, மறையூர், கம்பம்மெட்டு என்று யாராவது சொன்னால், "மல மேலயா? எங்கில் ஆத்யம் அவர்" என்பார். அவர்களை முதலில் அனுப்பிவிட வேண்டும். உடுமலைப்பேட்டை போய்ப் பஸ் மாறி மலையேற வேண்டியவர்கள். கடைசிப் பஸ்ஸை விட்டால் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். மற்றவர்கள் முணுமுணுப்பார்கள். அவர் காதில் விழாது.

அப்படி முதலில் அனுப்பப்பட்டவள்தான் சுகந்தி. மூணாறுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். அப்பா இல்லை. அம்மா மாரியம்மாள் கொழுந்து பறிக்கிறவர். சுகந்தி பகலில் ஒரு கல்லூரியில் கெஸ்ட் லெக்சரர், மற்ற நேரமெல்லாம் ஆய்வு. தேயிலைத் தோட்டப் பெண்கள் தங்கள் மேற்பார்வையாளர்களுக்கு வைக்கிற பட்டப்பெயர்கள்தான் அவள் தலைப்பு. படித்துப் பார்த்து நான் வயிறு குலுங்கச் சிரித்திருக்கிறேன். கையை வீசி வீசிக் கத்துகிறவருக்குக் 'காத்தாடி'. கொழுந்தை நிறுக்கும்போது எப்போதும் கொஞ்சம் குறைத்து எழுதுகிறவருக்கு 'எலி'. எந்த நேரமும் மூஞ்சியைச் சுளித்துக்கொண்டே இருக்கும் ஒருவருக்கு 'நார்த்தங்காய்'. எந்தப் பெயர் எப்படிப் பிறந்தது, எந்த வரிசையில் தொடங்கி எந்த மலைக்குப் பரவியது என்றெல்லாம் அழகாக ஆராய்ந்திருந்தாள்.

ஒரே ஒரு சிக்கல். இதையெல்லாம் சொன்ன பெண்களின் பெயர் ஆய்வேட்டில் எங்கும் இல்லை. தகவலாளர் ஒன்று, தகவலாளர் இரண்டு என்று எண்கள்தான். தோட்டத்தின் பெயரும் இல்லை. புறத்தேர்வாளர்கள் இருவரும் ஆய்வேட்டை ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் அவர்களில் ஒருவர், எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும் ஒரு மூத்த பேராசிரியர், தன் அறிக்கையின் கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தார். தரவுகள் உண்மையானவைதான் என்பதை வாய்மொழித் தேர்வில் ஆய்வாளர் நிறுவ வேண்டும், தவறினால் பெயர் விவரங்களோடு திருத்தி மீண்டும் சமர்ப்பிக்க வேண்டும் என்று.

அந்த அறிக்கையின் நகலை வாங்க வந்த சுகந்தி, படித்துவிட்டு அப்படியே என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன அம்மணி, இதுக்குப் போய் இப்படி ஆயிட்டே? பேரைச் சேர்த்துட்டாப் போவுது" என்றேன்.

"முடியாது மேடம். அவங்க எல்லாரும் தோட்டத்துக்காரங்க கொடுத்த லயத்து வீட்டுல இருக்காங்க. வேல இருக்கிற வரைக்கும்தான் வீடு. அவங்கதான் எலின்னு பேரு வச்சாங்கன்னு தெரிஞ்சா, அந்த எலியே போதும் அவங்கள வெளிய தள்ள. பேரு போட மாட்டேன்னு சத்தியம் பண்ணிக் கொடுத்துத்தான் கேட்டேன்."

திருத்தி மீண்டும் சமர்ப்பிக்கவும் அவளுக்கு நேரம் இல்லை. பதிவுக்காலம் நீட்டி நீட்டிக் கடைசி நீட்டிப்பும் முடிகிற நிலையில் இருந்தது. அதற்குள் பட்டம் முடியாவிட்டால் பதிவே ரத்து. இத்தனை வருடப் படிப்பு வீண். பெயரைச் சொன்னால் அந்தப் பெண்களின் வீடு போகும். சொல்லாவிட்டால் இவள் பட்டம் போகும்.

பாலகோபாலன் சாரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் விதிப் புத்தகத்தை எடுத்து, எழுந்து நின்று, அந்தப் பகுதியை மெதுவாக வாசித்தார். எப்போதும் நின்றுகொண்டுதான் விதியை வாசிப்பார். "தேர்வாளர்கள் திருப்தி அடைய வேண்டும்னுதான் இருக்கு. எப்படின்னு இல்ல" என்றார். "மோள் தைரியமா வா. பேச்சு தமிழ்லதானே நடக்கும்? குறிப்பு எடுக்க இவங்களையே அனுப்பறேன்." எங்கள் பிரிவில் தமிழில் நடக்கும் தேர்வைப் புரிந்துகொண்டு எழுதக்கூடியவள் நான் ஒருத்திதான். அதற்கு மேல் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது என்பது எனக்குத் தெரிந்தது.

தேர்வு நாளன்று காலை கருத்தரங்க அறைக்குப் போனால் வாசலில் ஒரு பெண்கள் கூட்டம். எல்லோரும் கஞ்சி போட்ட வாயல் சேலை, கையில் துணிப்பை. யாரும் உட்காரவில்லை. கூப்பிட்டால்தான் உட்காரலாம் என்பது போல நின்றார்கள். சுகந்தியின் அம்மா மாரியம்மாளை முகச்சாடையிலேயே கண்டுபிடித்துவிட்டேன். அவருக்கு முன்னால் ஒரு வயதான அம்மா, தலை நிமிர்ந்து, கக்கத்தில் குடையோடு.

"யம்மா, இங்க என்கொயரி ஆபீசரு யாரு?" என்று என்னைக் கேட்டார்.

"என்கொயரியா? அப்படியெல்லாம் யாரும் இல்லீங்க. தேர்வுக் குழுத் தலைவர் இருக்காருங்க."

"எல்லாம் ஒண்ணுதான். எம்பேரு செல்லத்தாயி. இந்தப் பிள்ளைக்குத் தொணை ஆளு நாந்தான். அவ பக்கத்துல எனக்கு ஒரு நாக்காலி போடணும். அது ரூலு."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மாரியம்மாள்தான் சொன்னார். மகள் போனில் சொன்னாளாம்: பெரியவங்க முன்னால என்னை உக்கார வச்சுக் கேள்வி கேப்பாங்க, பதில் சரியில்லன்னா தள்ளிருவாங்க என்று. தோட்டத்தில் ஒரு தொழிலாளி மேல் குற்றம் சொல்லி விசாரிப்பதும் இப்படித்தானாம். மேசைக்கு அந்தப் பக்கம் ஆபீசர்கள், இந்தப் பக்கம் ஒற்றை ஆள். துணைக்கு ஒரு தொழிலாளியைக் கூட்டிப் போகலாம். செல்லத்தாயி அந்தத் தோட்டத்தில் காலமெல்லாம் அப்படித் துணை ஆளாகப் போனவர். இப்போது வேலையிலிருந்து ஓய்வு பெற்றுக் கம்பத்தில் மகன் வீட்டில் இருக்கிறார். மாரியம்மாள் ஆள் அனுப்பி அவரை வரவழைத்திருக்கிறார்.

"எம்மக ஒரு தப்பும் பண்ணலம்மா. படிக்க மட்டுந்தான் செஞ்சா" என்றார் மாரியம்மாள். கண் கலங்கியிருந்தது.

இது விசாரணை இல்லை, பட்டத்துக்கான தேர்வு என்று எனக்குத் தெரிந்த தமிழிலெல்லாம் விளக்கினேன். தலையாட்டினார்கள். நம்பவில்லை. வருகைத் தாளை நீட்டினால் ஒருவரும் பேனாவைத் தொடவில்லை. "எதுலயும் கையெழுத்துப் போட மாட்டோம்" என்றார் செல்லத்தாயி. விசாரணையில் தாளில் கையெழுத்துப் போட்டால் குற்றத்தை ஒத்துக்கொண்டதாக ஆகிவிடுமாம். கேள்வி கேட்பவர் பெயர் மட்டும் குறிப்பில் இருந்தால் போதும் என்பதால் நானும் வற்புறுத்தவில்லை.

"பக்கத்துல நாற்காலி போட முடியாதுங்க. பார்வையாளர் பக்கம் உக்காருங்க. கடைசியில யாரு வேணும்னாலும் கேள்வி கேக்கலாம்" என்றேன்.

"கேள்வி மட்டுமா?"

"கேள்வி மட்டுந்தாங்க."

"அது போதும். அங்கயும் தொணை ஆளுக்கு அப்படித்தான்" என்று சொல்லிவிட்டுக் குடையோடு முன் வரிசையில் போய் உட்கார்ந்தார்.

தேர்வு தொடங்கியது. சுகந்தி திரையில் ஒவ்வொரு பட்டப்பெயராகக் காட்டி விளக்கினாள். 'நார்த்தங்காய்' வந்ததும் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். தோள்கள் குலுங்கின. பேராசிரியர்களும் சிரித்தார்கள். பிறகு அந்த மூத்த பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கோபக்காரர் இல்லை அவர். மரியாதையாகத்தான் கேட்டார்.

"நல்லா எழுதியிருக்கீங்கம்மா. அதனாலதான் எனக்குச் சந்தேகம். இவ்வளவு அழகான உதாரணங்களை வீட்டில உக்காந்தே ஒருத்தர் கற்பனையா எழுதிடலாம். இதையெல்லாம் உண்மையிலேயே யாரோ சொன்னாங்கன்னு நான் எப்படி நம்பறது?"

"பதிவு பண்ணின ஒலி இருக்கு சார். ஆனா குரலை வச்சே ஆளைக் கண்டுபிடிச்சிடலாம். வேற யாருக்கும் போட்டுக் காட்ட மாட்டேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன்."

"ஆய்வுக்கு நம்பிக்கை போதாதம்மா. சான்று வேணும்."

நியாயமான கேள்வி. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. வெளியே நெடுஞ்சாலையில் ஒரு லாரி நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டு போனது. மூன்றாவது வரிசையில் ஒரு பெண் நாற்காலியின் கையைப் பிடித்துப் பாதி எழுந்தாள். அவள்தான் அந்தத் தகவலாளர்களில் ஏதோ ஒரு எண் என்பது எனக்கே புரிந்துவிட்டது. சுகந்தி பார்த்தாள். வேண்டாம் என்று கண்ணால் மட்டும் சொன்னாள். பக்கத்தில் இருந்த மாரியம்மாளுக்கு அவள் எழுந்தால் மகள் தப்பிப்பாள் என்பது தெரியும். தெரிந்தும் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். நான் குறிப்பெடுப்பதை நிறுத்திவிட்டேன்.

பார்வையாளர்கள் கேள்வி கேட்கலாம் என்றார் குழுத் தலைவர். வழக்கமாக இந்த இடத்தில் யாராவது ஒரு நண்பர் எழுந்து, இந்த ஆய்வால் சமூகத்துக்கு என்ன பயன் என்று ஏற்கெனவே பேசி வைத்த ஒன்றைக் கேட்பார். அன்றைக்குக் குடையை ஊன்றிக்கொண்டு எழுந்தது செல்லத்தாயி.

"எம்பேரு செல்லத்தாயி. ரிட்டயர் ஆயாச்சு, லயத்து வீட்டையும் காலி பண்ணியாச்சு. அதனால எம்பேர எழுதிக்கிடலாம். அந்தப் பிள்ளகிட்ட ஒரு சம்சயம் கேக்கலாமா ஐயா?"

"தாராளமாக் கேளுங்கம்மா" என்றார் தலைவர்.

"ஏ பிள்ள, இந்தப் பேரெல்லாம் உனக்கு யாரு சொன்னா?"

"தோட்டத்துப் பொம்பளைங்க சொன்னாங்க."

"யாரு யாருன்னு கேட்டாச் சொல்லுவியா?"

"மாட்டேன்."

"சொல்லலன்னா பட்டம் கெடையாதுன்னா?"

சுகந்தி அம்மாவைப் பார்த்தாள். பிறகு, "அப்பவும் மாட்டேன் பெரியம்மா" என்றாள்.

"உங்கம்மா மழையிலயும் அட்டக்கடியிலயும் நின்னு படிக்க வச்சாளே. பட்டம் போனா உனக்கு வருத்தம் இல்லியா?"

"இருக்கு. ரொம்ப இருக்கு."

செல்லத்தாயி விடவில்லை. விசாரணையில் பழகிய ஆள் அல்லவா.

"கடேசியா ஒண்ணு கேக்கேன். இதெல்லாம் நீயா உக்காந்து கட்டுன பொய்யின்னா, கூடவே ராமாயி, காளியம்மான்னு பொய்யா நாலு பேரையும் எழுதி வச்சுட்டுப் போயிருக்கலாமே. ஐயாமாரும் ஒண்ணும் கேட்டிருக்க மாட்டாங்க. அத ஏம் பிள்ள நீ செய்யல?"

சுகந்தி கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், அதை மறைக்கவா முடியும்? மூத்த பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு செல்லத்தாயியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கணும். முழுசா எழுதிக்கங்கம்மா" என்றார்.

தேர்வாளர்கள் உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். பெயர்களை ஏன் மறைக்க வேண்டியிருந்தது என்று ஆய்வு முறை பற்றிய இயலில் ஒரு விளக்கம் சேர்க்க வேண்டும்; அது ஒன்றுதான் திருத்தம். பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறோம் என்று தலைவர் அறிவித்தார். மாணவர்கள் கைதட்டினார்கள். அந்தப் பெண்களில் ஒருவரும் அசையவில்லை.

மேடையிலிருந்து இறங்கி அவர்களிடம் போனேன். "ஏனுங்கம்மா, முடிஞ்சு போச்சுங்க. உங்க பொண்ணு ஜெயிச்சாச்சு" என்றேன்.

"ஆர்டரு எப்ப வரும்?" என்றார் மாரியம்மாள். தோட்டத்தில் ஆபீசர் சிரித்துப் பேசி அனுப்புவாராம். பத்து நாள் கழித்துக் கடிதம் வந்த பிறகுதான் வேலை போனது தெரியுமாம்.

பட்டம் பின்னால் தபாலில் வரும், ஆனால் முடிவு இதுதான், இனி மாறாது என்றேன். அவருக்கு அப்போதும் நம்பிக்கை வரவில்லை. என்னைத் தாண்டிப் போய், பையை எடுத்துக்கொண்டிருந்த அந்த மூத்த பேராசிரியரின் முன்னால் நின்றார்.

"ஐயா, எங்க பிள்ள மேல ஒண்ணும் இல்லைலா?"

அவர் ஒரு நிமிடம் திகைத்துவிட்டார். பிறகு என்ன புரிந்துகொண்டாரோ, பையைக் கீழே வைத்துவிட்டு, "ஒண்ணும் இல்லம்மா. உங்க பிள்ளை மேல ஒரு குத்தமும் இல்ல" என்றார்.

அப்போதுதான் மாரியம்மாள் மகளிடம் போனார். மற்றப் பெண்களும் சூழ்ந்துகொண்டார்கள். பாதி எழுந்தவளும் அவர்களுக்குள்தான் இருந்தாள். துணிப்பைகளிலிருந்து தூக்குப் போசிகள் வெளியே வந்தன. எனக்கும் ஒரு கை எலுமிச்சைச் சாதம் கிடைத்தது. செல்லத்தாயி மட்டும் முன் வரிசை நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். உடம்புக்கு ஏதாவது செய்கிறதோ என்று பயந்து பக்கத்தில் போனேன்.

"என்னங்கம்மா, தண்ணி வேணுமுங்களா?"

"ஒண்ணும் வேண்டாம்மா." குடையை மடிமேல் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார். "எத்தன பேருக்குத் தொணை ஆளாப் போயிருக்கேன். ஒருத்தரைக் கூட நான் மீட்டுக் கூட்டிட்டு வந்தது இல்ல. எல்லாருக்கும் வேல போச்சு, வீடு போச்சு. நான் ஜெயிச்ச மொத என்கொயரி இதாம்மா."

இது என்கொயரி இல்லை என்று காலையில் அவரிடம் வாய் ஓயாமல் விளக்கியவள் நான். இப்போது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன்.